ஐசோடோப் அளவீட்டுக்கு ஸ்டாண்டர்டு தேர்வு: பாலாற்றுக் கிணற்று நீர் முதல் செவ்வாத்தூர்ப் பாறை வரை

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் நிலத்தடி நீர், மழை, ஏரி நீர், பாறை, மண் எடுத்து நிலை ஐசோடோப் (ஒரே தனிமத்தின், கதிர்வீசாத, எடையில் வேறுபடும் அணு வகைகள்) அளக்கப்போகும் ஆய்வு மாணவர்களுக்கும் புதிதாகக் கருவி பொறுப்பேற்பவர்களுக்கும் இந்த வழிகாட்டி. பெரும்பாலானவர்கள் மாதிரியைச் சேகரித்து, கருவியில் நேரம் வாங்கி, அதன் பிறகுதான் எந்த ஸ்டாண்டர்டு (மதிப்பு தெரிந்த ஒப்பீட்டுப் பொருள்) போடுவது என்று யோசிக்கிறார்கள். அங்கேயே வேலை கெட்டுவிடுகிறது. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போனால் பணமும் மிச்சம், மாதிரியும் மிச்சம்.

1. கடைக்குப் போகும் முன்: மாதிரியின் எல்லை

ஐசோடோப் கருவி நேரடியாக உண்மை மதிப்பைச் சொல்லாது. ஸ்டாண்டர்டோடு ஒப்பிட்டு எவ்வளவு வித்தியாசம் என்றுதான் சொல்லும். அதனால் உங்கள் மாதிரியின் மிகக் குறைந்த மதிப்புக்குக் கீழே ஒரு ஸ்டாண்டர்டும், மிக உயர்ந்த மதிப்புக்கு மேலே ஒரு ஸ்டாண்டர்டும் வேண்டும். நடுவில் கட்டுப்பாட்டுக்கு ஒன்று. இந்த மூன்றையும் தேர்ந்தெடுக்க முதலில் எல்லை தெரிய வேண்டும்.

நம் பகுதியில் எல்லை அகலம். ஐப்பசி, கார்த்திகைப் புயல் மழை ஐசோடோப் கணக்கில் மிக லேசானது, அதாவது கனமான ஐசோடோப் அதில் குறைவு. தென்மேற்குப் பருவ மழை அவ்வளவு லேசாக இருக்காது. கோடையில் காவேரிப்பாக்கம் மாதிரிப் பெரிய ஏரியில் வற்றிக் கிடக்கும் தண்ணீர் ஆவியாகி ஆவியாகிக் கனத்திருக்கும், பூஜ்யத்தைத் தாண்டி மேலே போகும். சார்னோக்கைட், நைஸ் பாறை விரிசல்களில் இருக்கும் கிணற்று நீர் இரண்டுக்கும் நடுவில் எங்காவது விழும்.

திட்டமிடுவதற்கு ஆக்ஸிஜன்-18 டெல்டா (ஸ்டாண்டர்டிலிருந்து ஆயிரத்துக்கு எத்தனை பங்கு வித்தியாசம், குறி ‰) −15 முதல் +5 ‰ வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மாதிரி ஓட்டிப் பார்த்ததும் இந்த எல்லையைத் திருத்தலாம். கிணற்று நீர் மட்டும்தான் என்றால் எல்லை இன்னும் சுருங்கும். ஏரியையும் புயல் மழையையும் விட்டுவிட்டு எல்லை போட்டவர்கள்தான் பிறகு மாதிரிகள் ஸ்டாண்டர்டுக்கு வெளியே விழுந்து தவிக்கிறார்கள்.

2. எந்த அளவுகோல்

தண்ணீருக்கு அளவுகோல் விஸ்மோ–ஸ்லாப் (VSMOW–SLAP). ஒரு முனை விஸ்மோ2: ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் 0. மறுமுனை ஸ்லாப்2: ஆக்ஸிஜன்-18 −55.5 ‰, டியூட்டிரியம் (கனமான ஹைட்ரஜன்) −427.5 ‰. மீட்டர் கட்டைக்கு இரண்டு முனை இருப்பது போலத்தான் இது. ஒரு முனையை மட்டும் பொருத்தினால் கட்டை நீண்டிருக்கிறதா சுருங்கியிருக்கிறதா என்று தெரியாது.

மற்ற தனிமங்களின் அளவுகோல்கள்: கார்பனுக்கு விபிடிபி (VPDB), நைட்ரஜனுக்குக் காற்று, கந்தகத்துக்கு விசிடிடி (VCDT). கார்பனேட் ஆக்ஸிஜனை விபிடிபி அளவுகோலிலும் சொல்வார்கள், விஸ்மோவிலும் சொல்வார்கள். மாற்றுவதற்குச் சூத்திரம்: விஸ்மோ மதிப்பு = 1.03092 × விபிடிபி மதிப்பு + 30.92. பழைய கட்டுரைகளில் 1.03086, 30.86 என்று இருக்கும். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்கக் கூடாது.

3. நீருக்கு எதை வாங்குவது

விஸ்மோ2, ஸ்லாப்2 இரண்டும் வியன்னாவில் உள்ள சர்வதேச அணுசக்தி முகமையிடமிருந்து (ஐஏஇஏ) 20 மி.லி. கண்ணாடி ஆம்பூலில் வரும். இருப்பு குறைவு என்பதால் ஒரு ஆய்வகத்துக்கு இத்தனைதான் என்று கட்டுப்பாடும் உண்டு. இவை தினசரி ஓட்டத்துக்கு அல்ல. உங்கள் சொந்த ஸ்டாண்டர்டுக்கு மதிப்பு குறிப்பதற்கு மட்டும்.

இரண்டாம் அடுக்கு அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் (யூஎஸ்ஜிஎஸ்) நீர்கள். நம் எல்லைக்கு ஏறத்தாழப் பொருந்தும் ஜோடி:

யூஎஸ்ஜிஎஸ்-47: ஆக்ஸிஜன் −19.80, டியூட்டிரியம் −150.2 ‰.
யூஎஸ்ஜிஎஸ்-50: ஆக்ஸிஜன் +4.95, டியூட்டிரியம் +32.8 ‰.

இவற்றுக்கு நடுவில் கட்டுப்பாட்டுக்கு யூஎஸ்ஜிஎஸ்-45 (−2.238, −10.3) போதும்.

இங்கே ஒரு பள்ளம். "நம் கிணற்று நீர் −3 பக்கம்தானே, அதற்கு நெருக்கமாக இரண்டு வாங்கிவிடலாம்" என்று 45-ஐயும் 48-ஐயும் ஜோடியாக வாங்குவார்கள். யூஎஸ்ஜிஎஸ்-48-இன் ஆக்ஸிஜன் −2.224. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.014 ‰. அது கருவியின் சத்தத்துக்குள் (அளவில் தானாக வரும் சிறு ஏற்ற இறக்கத்துக்குள்) மூழ்கிவிடும். ஒரே இடத்தில் இரண்டு முளை அடித்துக் கயிறு கட்டுவதும் இதுவும் ஒன்று. மாதிரிக்கு நெருக்கமாக இருப்பதைவிட, மாதிரியை இருபுறமும் அணைத்து நிற்பது முக்கியம்.

மறுபக்கத் தவறும் உண்டு. எல்லையை நன்றாக அகலமாக்கலாம் என்று அண்டார்டிகாப் பனி நீரைத் தினசரி ஸ்டாண்டர்டாகப் போடுவது. −50-க்கும் +5-க்கும் இடையே குதித்தால் லேசர் கருவியில் முந்தைய தண்ணீரின் நினைவு அடுத்ததில் ஒட்டிக்கொண்டு வரும். அதைத் துடைக்கவே அரை நாள் போய்விடும்.

இறக்குமதிக்கு ஆர்டர் போட்டதும் பொருள் வந்துவிடும் என்று எண்ணி மாதிரி எடுக்கும் தேதியைக் குறிக்காதீர்கள். பல்கலைக்கழகக் கொள்முதல், சுங்கம் எல்லாம் சேர்ந்து மாதக் கணக்கில் இழுக்கலாம். பாதுகாப்புத் தரவுத் தாளை ஆர்டரோடே கேட்டு வாங்கி வையுங்கள்.

4. ஒரே பாதை

தேர்வில் எல்லாவற்றையும் ஆளும் விதி இது: மாதிரி எந்த வழியாகக் கருவிக்குள் போகிறதோ, ஸ்டாண்டர்டும் அதே வழியாகப் போக வேண்டும். அதே வயல் (vial, சிறு மாதிரிக் குப்பி), அதே அளவு, அதே நேரம், அதே ரசாயன வடிவம்.

காரணம் எளிது. ஊசியில் ஆவியாகும் இடம், குழாய்ச் சுவர், எரிக்கும் உலை, அமிலம் என்று ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் ஐசோடோப் பிரிவு நடக்கும். ஸ்டாண்டர்டும் அதே இடங்களைக் கடந்தால் பிழை இரண்டிலும் சமமாக விழுந்து கழிந்துவிடும். கடக்காவிட்டால் பிழை முழுவதும் மாதிரியின் தலையில்.

கருவியோடு வரும் சிலிண்டர் வாயுவை ஸ்டாண்டர்டு என்று நம்புவது பரவலான தவறு. அது பாதி வழியில் உள்ளே நுழைகிறது. கருவி நிதானமாக ஓடுகிறதா என்று பார்க்க உதவும். மாதிரிக்கு மதிப்பு தர உதவாது.

5. தினசரி ஸ்டாண்டர்டு தயாரித்தல்

இதுதான் வேலையின் பெரும்பகுதி. ஆனால் இதைத்தான் எல்லோரும் ஒரு மாலையில் முடித்துவிட நினைக்கிறார்கள்.

தேவையானவை: 20 லிட்டர் எஃகுக் கலன் இரண்டு, கண்ணாடிக் காய்ச்சி வடிப்பான், 0.45 மைக்ரான் வடிகட்டி, 50 மி.லி. பழுப்புக் கண்ணாடிக் குப்பிகள், உள்ளே கூம்பு வைத்த மூடிகள், ஒரு துல்லியத் தராசு.

கனமான தண்ணீர். நம்மூரில் இது சுலபம். அயனி நீக்கிய கிணற்று நீர் 20 லிட்டரை அகலமான எஃகுத் தட்டில் ஊற்றிச் சித்திரை வெயிலில் மெல்லிய துணி போட்டு வையுங்கள். பாதிக்கு வற்றியதும் சிறு குப்பி எடுத்து அளந்து பாருங்கள். +5-ஐத் தாண்டியிருந்தால் போதும், இல்லையென்றால் இன்னும் வற்றட்டும். ஏரி நீரே இயல்பில் கனமாக இருக்கிறதே, அதை எடுக்கலாமே என்று தோன்றும். பாசியும் கரிமப் பொருளும் வேண்டாம். எடுத்தே ஆக வேண்டுமென்றால் கடைசிச் சொட்டு வரை காய்ச்சி வடியுங்கள். முழுவதும் வடித்தால் மதிப்பு மாறாது, பாதியில் நிறுத்தினால் மாறும்.

லேசான தண்ணீர். சிரமம் இங்கேதான், ஏனென்றால் இந்த வெயிலூரில் பனி கிடையாது. வழி இது: ஒரே புயல் மழையில் மாடியிலிருந்து 100 லிட்டர் பிடியுங்கள். அதைக் காய்ச்சி முதல் 20 லிட்டரை மட்டும் வடித்தெடுங்கள். அந்த 20 லிட்டரைத் திரும்பக் காய்ச்சி முதல் 4 லிட்டரை எடுங்கள். 100 °செ. வெப்பத்தில் நீராவி தண்ணீரைவிட ஏறத்தாழ 5 ‰ லேசாக இருக்கும். முதல் ஐந்தில் ஒரு பங்கின் சராசரி 4.5 ‰ அளவுக்குக் கீழே இறங்கும். இரண்டு முறை செய்தால் 9 ‰. மழை −8 என்றால் கையில் −17 வந்துவிடும். டியூட்டிரியமும் இரண்டு முறையில் ஏறத்தாழ 50 ‰ இறங்கும். ஒரு ஓட்டத்துக்கு நான்கு வயல், வயலுக்கு 1.5 மி.லி. என்று வைத்தாலும் 6 மி.லி.தான் செலவு. நான்கு லிட்டர் வருடக் கணக்கில் வரும்.

வடிக்கும்போது கொஞ்சம் ஆவி தப்பிவிட்டதே என்று கவலை வேண்டாம். என்ன எண் வந்தாலும் பிறகு அளக்கத்தான் போகிறோம். கலன் முழுவதும் ஒரே எண்ணாக இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. அதனால் எல்லாத் தண்ணீரையும் ஒரே கலனில் ஊற்றி, மூடி, இரண்டு நாள் அவ்வப்போது உருட்டிக் கலக்குங்கள். பிறகு வடிகட்டி ஒரே மூச்சில் குப்பிகளில் நிரப்புங்கள். முதல் குப்பி, நடுக் குப்பி, கடைசிக் குப்பி மூன்றையும் அளந்து ஒரே மதிப்பு வந்தால்தான் அந்தத் தொகுதி செல்லும்.

நடுத்தரம். அயனி நீக்கிய ஆய்வகக் குழாய் நீர் போதும். இதைத் திருத்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இது காவல்காரன்.

நிரப்புதலும் வைப்பதும். குப்பியைக் கழுத்து வரை, காற்றிடம் இல்லாமல் நிரப்புங்கள். மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றுங்கள். பாராஃபிலிம் மட்டும் போதாது, அது மாதங்களுக்குத் தாங்காது. நிரப்பியதும் ஒவ்வொரு குப்பியையும் எடை போட்டு எண்ணைக் குப்பியிலேயே எழுதுங்கள். திறக்கும் நாளில் மீண்டும் எடை போட்டுப் பாருங்கள். தண்ணீரில் நூற்றுக்கு ஒரு பங்கு ஆவியானாலே ஆக்ஸிஜன் 0.1 ‰ அல்லது அதற்கு மேல் ஏறிவிடும். கருவியின் துல்லியமே ஏறக்குறைய அவ்வளவுதான். தராசில் தெரியும் சிறு குறைவு வரைபடத்தில் பெரிய பொய்யாக வந்து நிற்கும்.

அக்னி நட்சத்திரத்தில் தகரக் கொட்டகையிலோ மொட்டை மாடி அறையிலோ குப்பிகளை வைக்காதீர்கள். குளிர்பெட்டியில் வைத்திருந்தால், அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். குளிர்ந்த குப்பியைத் திறந்தால் அறை ஈரம் உள்ளே படியும், அது வேறு தண்ணீர்.

6. வாங்கிய ஆம்பூலைத் திறக்கும் நாள்

விஸ்மோ2 ஆம்பூலைத் திறந்து, கொஞ்சம் எடுத்துவிட்டு, மீதியை மூடி வைத்து அடுத்த மாதம் பயன்படுத்துவோம் என்ற எண்ணம் வேண்டாம். திறந்த அன்றே முழுவதையும் 2 மி.லி. வயல்களில் நிரப்பி மூடிவிடுங்கள், அல்லது சிறு கண்ணாடி ஆம்பூலில் ஊற்றித் தீயில் அடைத்துவிடுங்கள். செப்டத்தில் (ஊசி நுழையும் ரப்பர் அடைப்பில்) ஊசி குத்திய வயல் முடிந்தது. மறு நாளைக்கு அது ஸ்டாண்டர்டு இல்லை.

அதனால் ஆம்பூலைத் திறப்பதற்கு முன்பே உங்கள் மூன்று தினசரி ஸ்டாண்டர்டும் குப்பியில் தயாராக இருக்க வேண்டும், கருவி ஒரு வாரமாக நிதானமாக ஓடியிருக்க வேண்டும். குறைந்தது மூன்று தனித்தனி நாட்களில் விஸ்மோ2, ஸ்லாப்2, உங்கள் மூன்று தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் மொத்தம் பத்து வயலாவது வரட்டும். ஒரே நாளில் பத்து வயல் ஓட்டினால் அந்த நாளின் கோளாறு பத்து முறையும் திரும்பி வந்திருக்கும், அவ்வளவுதான்.

வந்த சராசரியையும் அதன் நிச்சயமின்மையையும் தேதியோடு பதிவேட்டில் எழுதுங்கள். இந்த நிச்சயமின்மை பின்னால் ஒவ்வொரு மாதிரியிலும் சேரும், அதை மறந்துவிடக் கூடாது.

7. இரண்டு புள்ளிக் கணக்கு

லேசான ஸ்டாண்டர்டின் உண்மை மதிப்பு −16.00, கருவி காட்டியது −15.58. கனமானதன் உண்மை மதிப்பு +5.00, காட்டியது +5.20. மாதிரிக்குக் கருவி −10.00 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

உண்மை இடைவெளி 21.00, கருவி இடைவெளி 20.78. வகுத்தால் 1.0106. மாதிரி லேசான ஸ்டாண்டர்டிலிருந்து 5.58 மேலே நிற்கிறது. 5.58 × 1.0106 = 5.64. −16.00 + 5.64 = −10.36 ‰.

கனமான ஸ்டாண்டர்டு ஒன்றை மட்டும் வைத்து 0.20-ஐக் கழித்திருந்தால் −10.20 வந்திருக்கும். 0.16 ‰ பிழை. மழைக்கும் கிணற்றுக்கும் உள்ள நுண்ணிய வேறுபாட்டைப் பேசும் ஆய்வில் இது சின்ன எண் அல்ல.

8. தட்டில் வைக்கும் வரிசை

லேசர் கருவியில் முதலில் இரண்டு மூன்று வயல் வெறும் குழாய் நீர், கருவி சூடுபிடிக்க. பிறகு லேசானது, நடுத்தரம், கனமானது. அடுத்து ஐந்தாறு மாதிரி, பிறகு காவல்காரன், மீண்டும் மாதிரி. கடைசியில் மூன்று ஸ்டாண்டர்டும் திரும்ப. இரண்டு முனையிலும் ஸ்டாண்டர்டு இருந்தால்தான் நாள் போக்கில் கருவி நகர்ந்ததா என்று தெரியும்.

ஒரு வயலுக்கு ஏழு இன்ஜெக்ஷன் வைத்து முதல் மூன்று நான்கைத் தள்ளிவிடுங்கள். ஆக்ஸிஜனைவிட டியூட்டிரியத்துக்கு நினைவு அதிகம். ஏரி நீரையும் புயல் மழையையும் அடுத்தடுத்து வைக்காமல், எதிர்பார்க்கும் மதிப்பின்படி படிப்படியாக வையுங்கள்.

காவல்காரன் தன் மதிப்பிலிருந்து ஆக்ஸிஜனில் 0.1 ‰, டியூட்டிரியத்தில் 1 ‰ தாண்டினால் அந்தத் தட்டை நிறுத்துங்கள். முதலில் செப்டத்தைப் பாருங்கள், பிறகு ஊசியைப் பாருங்கள். ஸ்டாண்டர்டுக் குப்பியைச் சந்தேகிப்பது மூன்றாவது. பலர் தலைகீழாகச் செய்து நல்ல குப்பியைக் கொட்டிவிடுகிறார்கள்.

9. தோல் பதனிடும் ஊர்களின் தண்ணீர்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கக் கிணறுகளில் உப்பும் கரிமப் பொருளும் நைட்ரேட்டும் சேர்ந்து வரலாம். இங்கே சுத்தமான ஸ்டாண்டர்டு மட்டும் வைத்துக்கொண்டு போனால் 4-ஆம் பகுதியின் ஒரே பாதை விதி உடைகிறது.

உப்பு லேசர் கருவியின் ஆவியாக்கியில் படிந்து நினைவை அதிகரிக்கும். கரிமப் பொருள்கள், குறிப்பாக ஆல்கஹால் வகை, தண்ணீரின் நிறமாலைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே உறிஞ்சி, எண்ணை எங்கோ தள்ளிவிடும். அளவு அழகாக, துல்லியமாக வரும், ஆனால் தவறாக இருக்கும். இப்படிப்பட்ட மாதிரிகளில் சிலவற்றை ஐஆர்எம்எஸ் (ஐசோடோப் நிறைமாலைமானி) கருவியில் சமநிலை முறையிலும் (தண்ணீரோடு ஒரு வாயுவைச் சமநிலைக்கு விட்டு அந்த வாயுவை அளப்பது) அளந்து ஒத்துப்பாருங்கள். முடி நீக்கச் சோடியம் சல்ஃபைடு சேர்க்கும் கழிவு நீராக இருந்தால் ஹைட்ரஜன் சமநிலை முறையில் பிளாட்டினம் வினையூக்கியைச் சல்ஃபைடு கெடுத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரிபார்க்க ஒரு வழி: காவல்கார நீரில் அளந்த உப்பைப் போட்டு, உப்புக் காவல்காரன் ஒன்று செய்து மாதிரிகளோடு ஓட்டுங்கள். உப்பு காய்ந்ததாக இருக்க வேண்டும். ஈர உப்போடு அறை ஈரமும் உள்ளே போகும்.

நைட்ரேட். பாக்டீரியா கொண்டு நைட்ரஸ் ஆக்ஸைடாக மாற்றும் முறைக்கு நைட்ரேட் உப்பு ஸ்டாண்டர்டுகள்தான் வேண்டும், அம்மோனியம் உப்பு அல்ல. நைட்ரஜனுக்கு யூஎஸ்ஜிஎஸ்-34 (−1.8 ‰), யூஎஸ்ஜிஎஸ்-32 (+180 ‰). ஆக்ஸிஜனுக்கு யூஎஸ்ஜிஎஸ்-34 (−27.9 ‰), யூஎஸ்ஜிஎஸ்-35 (+57.5 ‰). நடுவில் ஐஏஇஏ-என்ஓ-3: நைட்ரஜன் +4.7, ஆக்ஸிஜன் +25.6 ‰. 34, 32, 35 மூன்றையும் சேர்த்து ஓட்டினால் இரண்டு தனிமமும் அணைக்கப்படும். 34-ஐயும் 35-ஐயும் மட்டும் வாங்கினால் ஆக்ஸிஜன் சரி, நைட்ரஜனில் −1.8-க்கும் +2.7-க்கும் நடுவே மாட்டிக்கொள்வீர்கள். சாக்கடை, சாணம் வழி வரும் நைட்ரேட் அதற்கு மேலேதான் இருக்கும்.

அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். லிட்டருக்கு 45 மி.கி. நைட்ரேட் உள்ள கிணற்று நீரில் 20 நானோமோல் எடுக்க 28 மைக்ரோலிட்டர் போதும். லிட்டருக்கு 200 மைக்ரோமோல் ஸ்டாண்டர்டில் 100 மைக்ரோலிட்டர் வேண்டும். இந்த வினையில் நைட்ரேட்டின் ஆக்ஸிஜன் கொஞ்சம் தண்ணீரின் ஆக்ஸிஜனோடு மாறிக்கொள்ளும். அதனால் மாதிரியை ஸ்டாண்டர்டின் செறிவுக்கே, அதே அயனி நீக்கிய நீரால் நீர்க்கச் செய்து, ஒரே கன அளவு போடுங்கள்.

சல்பேட். குரோம் பதனிடுதலில் காரக் குரோமியம் சல்பேட் சேர்வதால் இது பயனுள்ள தடயம். சல்பேட்டைப் பேரியம் சல்பேட்டாக வீழ்த்துவோம் என்பதால் ஸ்டாண்டர்டும் பேரியம் சல்பேட்டே: என்பிஎஸ்-127, ஐஏஇஏ-எஸ்ஓ-5, ஐஏஇஏ-எஸ்ஓ-6. கையில் இருக்கிறது என்று வெள்ளி சல்ஃபைடு ஸ்டாண்டர்டைப் போடாதீர்கள். அளப்பது கந்தக டை ஆக்ஸைடு. அதன் 66 நிறையில் ஆக்ஸிஜன்-18-ம் பங்கு போடுகிறது. சல்பேட் தன் ஆக்ஸிஜனோடு வருகிறது, சல்ஃபைடு உலையின் ஆக்ஸிஜனை வாங்குகிறது.

வீழ்த்தும் முன் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பிஎச் 3-க்குக் கீழே கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் பேரியம் கார்பனேட்டும் சேர்ந்து விழும். நைட்ரேட் அதிகமுள்ள நீரில் அதுவும் பேரியம் சல்பேட்டுக்குள் சிக்கிக்கொண்டு ஆக்ஸிஜன் அளவைக் கெடுக்கும். டிடிபிஏ (DTPA, உலோக அயனியைப் பிடித்துக்கொள்ளும் பொருள்) கரைசலில் கரைத்து மறுபடி வீழ்த்தினால் வெளியேறிவிடும்.

10. செவ்வாத்தூர்ப் பாறை

திருப்பத்தூர் அருகே செவ்வாத்தூரில் கார்பனடைட் (கார்பனேட் கனிமம் மிகுந்த தீப்பாறை) இருக்கிறது. பாஸ்பாரிக் அமிலம் விட்டு வரும் கார்பன் டை ஆக்ஸைடை அளக்கும் வேலை. என்பிஎஸ்-18 என்ற ஸ்டாண்டர்டே ஒரு கார்பனடைட்தான்: கார்பன் −5.01, ஆக்ஸிஜன் −23 ‰ அளவில், விபிடிபி அளவுகோலில். நம் பாறைக்குச் சொந்தக்காரன் மாதிரி. மறுமுனை ஐஏஇஏ-603, கார்பன் +2.46, ஆக்ஸிஜன் −2.37 ‰. தீர்ந்துபோன என்பிஎஸ்-19-இன் இடத்துக்கு வந்தது இது.

சிதைந்த பாறையில் படிந்த சுண்ணாம்போ மண் சுண்ணாம்போ சேர்த்து அளப்பதென்றால் கார்பன் −5-க்குக் கீழே இறங்கலாம். அப்போது ஐஏஇஏ-610 (−9.11) அல்லது 611 (−30.80) சேர்க்க வேண்டும். பழைய பாடக் குறிப்புகளைப் பார்த்து எல்-எஸ்வெக் லித்தியம் கார்பனேட்டைக் கீழ்முனையாகப் போடுகிறவர்கள் இன்னும் உண்டு. அது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடை வாங்கி மெல்ல நகர்ந்துவிட்டது. கார்பனுக்கு அதை இனி நம்பக் கூடாது.

பாறையில் டோலமைட் இருக்கிறதா என்று எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு எடுத்துப் பார்த்த பிறகே அமிலம் விடுங்கள். டோலமைட்டுக்கான அமிலக் காரணி (அமில வினையில் நடக்கும் ஆக்ஸிஜன் ஐசோடோப் பிரிவுக்கான திருத்த எண்) கால்சைட்டினுடையதிலிருந்து வேறு. கால்சைட் காரணியை அப்படியே போட்டால் ஆக்ஸிஜன் ஒன்று ஒன்றரை ‰ தள்ளிப்போகும். டோலமைட் மெதுவாகக் கரையும் என்பதால் ஸ்டாண்டர்டுகளுக்கும் அதே வெப்பம், அதே நேரம் கொடுங்கள். அபடைட்டும் மேக்னடைட்டும் கலந்த பாறையில் பாதிதான் கார்பனேட் என்றால் ஸ்டாண்டர்டைப்போல் இரட்டை எடை போடுங்கள். வாயு அளவு ஒன்றாக இருக்க வேண்டும், தூள் எடை அல்ல.

11. மண்ணும் பயிரும்

கரும்பும் கேழ்வரகும் ஒரு பக்கம், நெல் மறுபக்கம் என்று கார்பனில் பிரியும். குளூட்டாமிக் அமில ஜோடி இரண்டு தனிமத்தையும் ஒரே கையில் தரும்: யூஎஸ்ஜிஎஸ்-40 (கார்பன் −26.39, நைட்ரஜன் −4.52), யூஎஸ்ஜிஎஸ்-41ஏ (+36.55, +47.55). கட்டுப்பாட்டுக்கு ஐஏஇஏ-சிஹெச்-6 சர்க்கரை, −10.45.

சிக்கல் எடையில். நூற்றுக்கு 0.1 நைட்ரஜன் உள்ள மண்ணில் 40 மி.கி. எடுத்தால் 40 மைக்ரோகிராம் நைட்ரஜன். அதற்குச் சமமாகக் குளூட்டாமிக் அமிலம் 0.42 மி.கி. ஆனால் அதில் கார்பன் 171 மைக்ரோகிராம்தான், நூற்றுக்கு ஒரு பங்கு கார்பன் உள்ள அதே மண்ணிலோ 400. இரண்டையும் ஒரே ஓட்டத்தில் பொருத்த முடியாது. கார்பனுக்கு ஒரு எடை, நைட்ரஜனுக்கு ஒரு எடை, இரண்டு தட்டு. கார்பனேட் உள்ள மண்ணை அமிலத்தால் கழுவுவது கார்பன் தட்டுக்கு மட்டும்.

12. எழுதும்போது

எந்த ஸ்டாண்டர்டு என்பதோடு அதற்கு என்ன மதிப்பு வைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். மதிப்புகள் மாறியிருக்கின்றன. என்பிஎஸ்-22 எண்ணெய்க்கு முன்பு −29.7, இப்போது −30.03. என்பிஎஸ்-127-க்கு 20.3 என்றும் 21.1 என்றும் இரண்டு எண்கள் புழங்குகின்றன. வெறும் பெயரை மட்டும் எழுதினால் பத்து வருடம் கழித்து உங்கள் எண்ணைத் திருத்த யாராலும் முடியாது.

தினசரி ஸ்டாண்டர்டுக் குப்பி கடைசிப் பத்துக்கு வந்ததும் புதிய தொகுதி தயாரிக்கத் தொடங்குங்கள். கடைசி ஐந்து குப்பியைப் புதியதோடு சேர்த்து மூன்று நாள் ஓட்டி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பதிவேட்டில் பழைய தொகுதியின் பக்கத்திலேயே எழுதுங்கள். புதிய பக்கத்தில் எழுதினால் அடுத்து வருபவர் தேட மாட்டார்.